எம்-புக்கில் என்ன எழுதியிருக்குதுங்க?

அன்னூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு தம்பி ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். அவர் ஊரில் புதிதாகப் போட்ட சிமெண்ட் ரோடு ஆறே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. பெரியப்பா ஒரு கட்சி, தாய்மாமன் எதிர்க்கட்சி. "போன ஆட்சியில அடிச்சதுக்கு இதெல்லாம் தூசு" என்கிறார் பெரியப்பா. "இவங்க வந்த பொறகுதான் இந்தக் கொள்ளை" என்கிறார் மாமன். போன வாரம் ஒரு சீர் வீட்டில் பந்தியிலேயே இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம், ஒரம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க. "இதுல யாருங்க சொல்றது நெசம்? எனக்குக் கட்சி கிடையாது. சாதாரண ஆளு கணக்குக் கேக்க முடியுங்களா? அப்பறம் அந்த அத்திக்கடவு திட்டம் யாரோடதுன்னும் சேத்துச் சொல்லீருங்க" என்று முடித்திருந்தார்.

தம்பி, ஒன்று கவனித்தீர்களா? இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், ரோடு எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம் என்று எழுதவில்லை. எஸ்டிமேட் தொகையும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, உங்கள் பெரியப்பாவுக்கும் மாமனுக்கும் அது தெரிந்திருக்காது. நான் முப்பது வருஷத்துக்குமேல் உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். கோவை, ஈரோடு, நாமக்கல் பக்கம் பெரும்பாலான ஒன்றிய அலுவலகத்து மர நாற்காலிகளில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் நடப்பது கணக்குச் சண்டையே கிடையாது. கணக்கை ஒருவரும் கண்ணால் பார்க்காததால்தான் அது இத்தனை சூடாக நடக்கிறது.

"போன ஆட்சியில" என்கிற அந்த வார்த்தை இருக்கிறதே, அதை நான் ஆயிரம் தடவை படித்திருக்கிறேன். தணிக்கையில் ஒரு குறை கண்டால் 'தணிக்கைத் தடை' என்று எழுதி அனுப்புவோம். அதற்கு வரும் பதில்களில் பாதி இப்படித்தான் இருக்கும்: "இது முன்னாள் அலுவலர் காலத்தில் நடைபெற்றது." சரி, நடைபெற்றது. பணம் எங்கே? அதற்குப் பதில் இருக்காது. மேடையில் கட்சிக்காரர் சொல்வதும் கோப்பில் கிளார்க் எழுதுவதும் ஒரே வாக்கியம்தான், எழுத்து நடை மட்டும் வேறு. பெரியப்பா சொல்வது முழுக்க உண்மையாகவே இருக்கலாம். போன ஆட்சியிலும் அடித்திருக்கலாம். அதனால் இந்த ரோட்டின் கனம் ஒரு சென்டிமீட்டர்கூடக் கூடிவிடாது.

எனக்குள்ள பெரிய ஆச்சரியம் வேறு. நம் ஊரில் மாரியம்மன் நோம்பி முடிந்த அடுத்த வாரம் கோயில் முன்னால் கூட்டம் போட்டுக் கணக்கு வாசிப்பார்கள். தலைக்கட்டுக்கு எவ்வளவு வசூல், பந்தல்காரனுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாக வரும். "சுண்ணாம்பு நாலு மூட்டைன்னு எழுதீருக்கறீங்க, நான் பாத்தப்ப மூணுதானுங்க இருந்துச்சு" என்று ஒரு பாட்டையா எழுந்து கேட்பார். கேட்பவரும் கணக்குச் சொல்பவரும் பங்காளிகளாகவே இருப்பார்கள். அதை யாரும் துரோகம் என்று சொல்வதில்லை, கேட்காமல் இருந்தால்தான் தப்பு. அதே ஊர், அதே ஆட்கள், கிராம சபையில் லட்சக்கணக்கில் செலவுக் கணக்கு வாசிக்கும்போது நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கலைந்துவிடுகிறார்கள். தலைக்கட்டு வரி நம் மடியிலிருந்து நேராகப் போனது, அதனால் வலிக்கிறது. வீட்டு வரியும் பெட்ரோல் வரியும் சுற்றி வளைத்துப் போனது, அதனால் வலிக்கவில்லை.

கிராம சபை என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். குடியரசு தினம், மே 1, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நான்கு நாள்தான் முன்பு. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவற்றையும் சேர்த்து வருஷத்துக்கு ஆறு. கூட்டம் செல்லுபடியாக ஆள் எண்ணிக்கை உண்டு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கும் மேல் 300. இந்த 200 பேரைக் காட்டத்தான் அந்தக் கையெழுத்து வேட்டை. வந்து உட்கார்ந்து கேட்பவர்கள் பத்துப் பேர் இருந்தால் அந்த ஊர்ச் செயலருக்கு அன்றைக்கு வியர்க்கும். நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

சரி, ரோட்டுக்கு வருவோம். ஒரு சிமெண்ட் ரோடு காகிதத்தில்தான் முதலில் போடப்படுகிறது. தீர்மானம், எஸ்டிமேட், அதற்குத் தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், பணி ஆணை. வேலை நடக்க நடக்க அளந்து எழுதும் அளவுப் புத்தகம், அதைத்தான் ஆபீஸில் 'எம்-புக்' என்பார்கள். கடைசியில் பில், பணம். இதில் உங்களுக்கு இரண்டே காகிதம் போதும். எஸ்டிமேட்டும் எம்-புக்கும். என்ன போடுகிறோம் என்று சொன்னது எஸ்டிமேட். என்ன போட்டோம் என்று ஓவர்சியர் அளந்து கையெழுத்துப் போட்டது எம்-புக். மூன்றாவது சாட்சி ரோடு, அது அங்கேயே படுத்துக் கிடக்கிறது, எங்கும் ஓடாது.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 150 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்று எம்-புக்கில் இருக்கிறது என்று வையுங்கள். பெருக்கினால் 67.5 கன மீட்டர் கான்கிரீட். போட்டது 12 சென்டிமீட்டர்தான் என்றால் 54 கன மீட்டர். மேலே நின்று பார்த்தால் மூன்று சென்டிமீட்டர் குறைவது கண்ணுக்கே தெரியாது, ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் காணாமல் போயிருக்கிறது. நீளத்திலும் அகலத்திலும் கை வைப்பவன் கத்துக்குட்டி, டேப் போட்டால் மாட்டிக்கொள்வான். கை தேர்ந்தவன் கனத்தில்தான் வைப்பான். ரோட்டின் ஓரங்களில் மட்டும் பலகை உயரம் முழுசாக இருக்கும், நடுவில் மண்ணைக் குவித்து மேடாக்கி விட்டிருப்பார்கள். அதனால் ஓரத்தை அளந்துவிட்டு "சரியாத்தான் இருக்குது" என்று திரும்பிவிடக் கூடாது.

இந்தக் காகிதங்களைக் கேட்க உங்களுக்குக் கட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. தமிழ்நாட்டில் 1997-லேயே ஒரு சட்டம் இருந்தது, பல் குறைவு. ஒரு வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்ப், ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலர் பெயருக்கு ஒரு ஸ்பீடு போஸ்ட் தபால். இடம் மாறி அனுப்பினாலும் ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் ஆகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. எழுதும்போது "ஏன் ரோடு பெயர்ந்தது, இதற்கு யார் பொறுப்பு" என்று கேட்டால் "தகவல் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: இன்ன தெரு சிமெண்ட் சாலைப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில் ஆகியவற்றின் சான்றளித்த நகல். அதோடு நின்றுவிடாதீர்கள். இந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியை எடுக்கவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. ரோட்டைத் துளை போட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்கக் கேட்கலாம் என்று அர்த்தம். இந்த ஒரு வரியை மனுவில் சேர்த்துவிட்டுப் பாருங்கள், மனு ஆபீஸில் படிக்கப்படும் தோரணையே மாறும்.

டெண்டரில் பார்க்க ஒன்றே ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998, அதன் விதிகள் 2000. இரண்டு கோடி ரூபாய் வரை உள்ள டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம், அதற்கு மேல் போனால் 30 நாள். குறைக்க வேண்டுமென்றால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதி தர வேண்டும். விளம்பரத் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் எட்டு நாள்தான் என்று கண்டால், காரணம் எழுதிய அந்தத் தாளைக் கேளுங்கள். ஒருமுறை எனக்கு ஒரு கோப்பு வந்தது. மூன்று பேர் போட்டியிட்ட டெண்டர், மூன்று விண்ணப்பமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, '7' என்ற எண்ணுக்கு நடுவில் ஒரே மாதிரிக் குறுக்குக் கோடு. எடுத்தவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது சட்டைப் பையில் ஒரு தலைவர் படம் தெரிந்தது. சில வருஷம் கழித்து, ஆட்சி மாறிய பிறகு, வேறொரு ஒன்றியத்தில் அதே ஆளைப் பார்த்தேன். படம் மாறியிருந்தது. "ஏனுங்க, சவுக்கியமுங்களா" என்று அதே பணிவு, குறுக்குக் கோடு போட்ட அதே '7'.

இந்த ஆளுக்கு என்ன கட்சி என்று உங்கள் பெரியப்பாவையும் மாமனையும் கேட்டால் இரண்டு பேரும் எதிர்த்தரப்பைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. சட்டப்படி கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலரிலிருந்துதான் கட்சிச் சின்னம். ஊர்க் காரியத்தில் கட்சி வேண்டாம் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. பூட்டு சாவியிலும் ஆட்டோ ரிக்‌ஷாவிலும் ஓட்டுக் கேட்டாலும் யார் எந்தக் கட்சி என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து செக்கில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற விதியும் ஒருவரை ஒருவர் கண்காணிக்கத்தான். ஆளுக்கொரு கட்சியாக இருந்தால் கண்காணிப்பு நன்றாக நடக்கும் என்று நினைப்பீர்கள். நான் பார்த்தவரையில் இரண்டு விதம். ஒன்று, கையெழுத்தே போடாமல் தெருவிளக்குப் பல்பு வாங்கக்கூட முடியாமல் ஆறு மாதம் இழுப்பது. இன்னொன்று, பங்கு பேசிக்கொண்டு கண்ணை மூடிப் போடுவது. முதல் வகையில் ஊர் இருட்டு, இரண்டாவது வகையில் கணக்கு இருட்டு.

தேர்தலே நடக்காத காலமும் உண்டு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலின் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது திமுக. அதற்குப் பிறகு தேர்தல் நடத்தாமல் வருஷக்கணக்கில் இழுத்தது அன்றைய அதிமுக அரசு. 2019 டிசம்பரில்தான் நம் மாவட்டங்களில் கிராமப்புறத் தேர்தல் நடந்தது. அந்த மூன்று வருஷமும் அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய நிதி ஆணைய மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. "நீ வழக்குப் போட்டதால்தான்" என்றார் ஒருவர், "நீ நடத்தாததால்தான்" என்றார் இன்னொருவர். மோட்டார் எரிந்துபோன மேல்நிலைத் தொட்டிக்கு இரண்டில் எது காரணம் என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? அப்படி வந்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து மறுபடி தனி அலுவலர் வந்தார். தனி அலுவலர் இருக்கும்போது ஓர் அனுகூலம்: கேள்வி கேட்டால் "எதிர்க்கட்சிக்காரன்" என்று முத்திரை குத்த ஆள் இல்லை. எம்-புக் கேட்க அது நல்ல சமயம் என்பது என் அனுபவம்.

இனி பெரிய விஷயம். மேல் மட்டத்து ஊழல் வழக்குகளில் யாரை நம்புவது என்பதுதான் உங்கள் வீட்டுப் பந்தியில் வெடித்த சண்டை. நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. அவிநாசியும் மேட்டுப்பாளையமும் பவானிசாகரும் சேர்ந்ததுதான் நீலகிரி மக்களவைத் தொகுதி. 2009-இல் அதில் ஜெயித்தவர் திமுகவின் ஆ.ராசா. அவர் மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்த 2008-இல், செல்போன் சேவைக்கான 2ஜி அலைக்கற்றை உரிமங்களை ஏலம் விடாமல் 2001-ஆம் வருஷ விலைக்கு, முதலில் வந்தவருக்கு முதலில் என்று கொடுத்தார்கள். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2010-இல் 1.76 லட்சம் கோடி ரூபாய் என்று ஓர் எண் சொன்னார். அந்த எண் என்ன என்று புரியாமல்தான் இன்றைக்கு வரைக்கும் டீக்கடையில் சண்டை.

மஞ்சளை வைத்துச் சொன்னால் விளங்கும். ஈரோட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வைத்தால் குவிண்டாலுக்கு இன்ன விலை போயிருக்கும். அங்கே கொண்டுபோகாமல், தெரிந்த வியாபாரிக்குப் பழைய விலையில் களத்திலேயே கொடுத்துவிட்டான் ஒரு பையன். அப்பன் கணக்குப் போடுகிறார்: "ஏலத்துல வித்திருந்தா இத்தனை லட்சம் சேத்து வந்திருக்கும், அத்தனையும் நட்டம்." அதுதான் உத்தேச இழப்பு. அத்தனை லட்சமும் பையன் மடியில் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவன் முட்டாளாக இருக்கலாம், சோம்பேறியாக இருக்கலாம், வியாபாரியிடம் தனியாக ஏதாவது வாங்கியும் இருக்கலாம். முதலாவது கேள்வி விற்ற முறை சரியா என்பது. இரண்டாவது, அவன் கை நீட்டினானா என்பது. உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் 122 உரிமங்களை ரத்து செய்தபோது முதல் கேள்விக்குப் பதில் சொன்னது: முறை தப்பு. தனி நீதிமன்றம் 2017 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தபோது இரண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னது: குற்றம் நிரூபிக்கப்படவில்லை. அதன்மேல் சிபிஐ மேல்முறையீடு செய்தது. ஒரு கட்சிக்காரர் முதல் தீர்ப்பை மட்டும் வாசிப்பார், மற்றவர் இரண்டாவதை மட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை என்பதைச் சொல்ல யாருக்கும் லாபம் கிடையாது.

மறுபக்கத்தையும் பாருங்கள். ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பரில் தண்டனை, 2015 மே மாதத்தில் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடி முதல் தீர்ப்பையே உறுதி செய்தது. அவர் அதற்குள் காலமாகிவிட்டதால் அவர் மீதான வழக்கு அற்றுப்போனது. 2015-இல் "நீதி வென்றது" என்று பட்டாசு வெடித்தவர்கள் 2017 டிசம்பரில் 2ஜி தீர்ப்பு வந்தபோது "கோர்ட்டை ஏமாத்தீட்டாங்க" என்றார்கள். 2014-இல் லட்டுக் கொடுத்தவர்கள் 2015-இல் அதையேதான் சொல்லியிருந்தார்கள்.

கரூரைச் சேர்ந்த செந்தில் பாலாஜி விவகாரம் இன்னும் தெளிவு. அதிமுக அரசில் 2011 முதல் 2015 வரை போக்குவரத்து அமைச்சர். போக்குவரத்துக் கழக வேலைக்குப் பணம் வாங்கியதாகப் புகார் எழுந்தது அந்தக் காலத்தைப் பற்றி. அன்றைக்கு அதைப் பேசியது திமுக. 2018 டிசம்பரில் அவர் திமுகவுக்கு வந்தார், 2021-இல் அமைச்சரானார். பிறகு அதே புகாரைப் பேசியது அதிமுக. பணம் கொடுத்தவரும் வாங்கியதாகச் சொல்லப்பட்டவரும் சமரசம் ஆகிவிட்டதால் வழக்கை முடித்துக்கொள்ள முடியாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது, 2024 செப்டம்பரில் ஜாமீன், சில நாளிலேயே மறுபடி அமைச்சர் பதவி, பதவியா ஜாமீனா என்று நீதிமன்றம் கேட்ட பிறகு 2025 ஏப்ரலில் ராஜினாமா. அவர் குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை, அது நீதிமன்றத்தின் சோலி. கோப்பில் ஒரு எழுத்தும் மாறாமல் இருக்க, அதை வாசித்த குரல்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டன. நான் காட்ட வருவது அதைத்தான்.

விசாரிக்கும் அமைப்பாவது கட்சிக்கு வெளியே இருக்கிறதா என்று கேட்பீர்கள். லஞ்ச ஒழிப்புத் துறை 1964-இல் இருந்து இருக்கிறது, மாநில அரசின் கீழ். 2018-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் சேர்த்த 17ஏ பிரிவுப்படி, ஓர் அமைச்சரோ அதிகாரியோ பதவியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும். அனுமதி தருவது அரசு. அதே வருஷம் ஊழல் புகார்களை விசாரிக்கும் லோக் ஆயுக்தா அமைப்புக்கான சட்டம் சட்டமன்றத்தில் வந்தபோது, பல்லில்லாத சட்டம் என்று சொல்லித் திமுக வெளிநடப்புச் செய்தது. விசாரணையும் அனுமதியும் அரசு கையில் இருப்பதால், ஆட்சி மாறியதும் பழைய அமைச்சர்கள்மேல் வழக்கு வேகம் பிடிப்பதும், தன் அமைச்சர்கள்மேல் படுத்துக்கொள்வதும் இயல்பாகிவிட்டது. "பழிவாங்கல்" என்று ஒருவரும் "நடவடிக்கை" என்று மற்றவரும் சொல்வது பெரும்பாலும் ஒரே எஃப்.ஐ.ஆரைத்தான்.

மாநிலக் கடனும் இப்படியே. 2001-இல் அதிமுக வந்ததும் நிதியமைச்சர் பொன்னையன், திருச்செங்கோட்டில் ஜெயித்தவர், திமுக கஜானாவைக் காலி செய்துவிட்டது என்று வெள்ளை அறிக்கை வைத்தார். 2021-இல் திமுக வந்ததும், ஆகஸ்டில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் அதிமுகமேல் வெள்ளை அறிக்கை வைத்தார்: கடன் 5.70 லட்சம் கோடி, குடும்பத்துக்கு 2.63 லட்சம். இருபது வருஷ இடைவெளி. ஆட்சியில் இருக்கும்போதே, தன் கணக்கைப் பற்றித் தானே வெள்ளை அறிக்கை வைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை.

அத்திக்கடவுக்கு வருகிறேன், நீங்கள் அதைத்தான் கடைசியாகக் கேட்டீர்கள். நம் பக்கத்துக் குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்பது அறுபது வருஷத்துக் கோரிக்கை. பெயர்தான் அத்திக்கடவு. மலையிலிருந்து தானாக ஓடி வரும் என்று முதலில் நினைத்த திட்டம் கைவிடப்பட்டு, பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே உபரி நீரை எடுத்து ஆறு இடங்களில் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். 1,045 குளம் குட்டைகள், 1.5 டிஎம்சி. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், திட்ட மதிப்பு 1,652 கோடி. 2024 ஆகஸ்ட் 17-இல் மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார், மதிப்பு 1,916 கோடியைத் தாண்டியிருந்தது. "முக்கால்வாசிக்குமேல் நாங்க முடிச்சு வெச்சோம், மூணு வருஷம் கிடப்புல போட்டாங்க" என்பது அதிமுக. "குழாய் போற நிலத்தையே எடுக்காம விட்டுட்டுப் போனாங்க, நாங்கதான் சரி பண்ணுனோம்" என்பது திமுக. 2025 பிப்ரவரியில் அன்னூர்ப் பக்கம் எடப்பாடியாருக்குப் பாராட்டு விழா நடந்தபோது, மேடையில் எம்ஜிஆர், ஜெயலலிதா படம் இல்லை என்று, அப்போது அதிமுகவின் மூத்த தலைவராக இருந்த செங்கோட்டையன் வரவில்லை. தண்ணீர் யாருடையது என்ற சண்டை, ஒரே கட்சிக்குள் படம் யாருடையது என்ற சண்டையாகவும் ஆனது.

யாருடையது என்றால், காசு உங்களுடையது, கோரிக்கை 2016-இல் அவிநாசியில் உண்ணாவிரதம் கிடந்தவர்களுடையது. அடிக்கல் ஒருவர், ரிப்பன் ஒருவர், இரண்டுமே உண்மை, இரண்டையும் எழுதிக்கொள்ளலாம். நான் தணிக்கைக்குப் போனால் கேட்பது வேறு. 264 கோடி கூடியிருக்கிறதே, திருத்திய நிர்வாக அனுமதியில் அதற்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள்? 1,045-இல் எத்தனை குட்டைக்கு இந்த வருஷம் தண்ணீர் வந்தது, எத்தனை நாள்? ஆறு பம்ப் நிலையத்துக்கும் மின்சார பில் எவ்வளவு, யார் கட்டுகிறார்கள்? உங்கள் ஊர்க் குட்டையின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு மட்டும் நேரில் போய்ப் பார்த்தே பதில் கண்டுபிடிக்கலாம்.

அந்தக் காலிங்கராயன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பதிமூன்றாம் நூற்றாண்டில் அணையும் வாய்க்காலும் வெட்டியவர் தன் சொந்த நிலத்துக்குத் தண்ணீர் பாய்ச்சத்தான் வெட்டினார் என்று உறவுக்காரர்களே பேசினார்களாம். நானும் என் வம்சமும் இந்தத் தண்ணீரைத் தொட மாட்டோம் என்று சத்தியம் செய்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்தார் என்பது வழிவழியாகச் சொல்வது. வரலாறா, கதையா என்பது இருக்கட்டும். தன் வேலையில் தனக்கு லாபம் இருக்கிறது என்ற பேச்சு எழுந்தாலே ஒதுங்க வேண்டும் என்று நம் ஊர் ஒரு காலத்தில் எதிர்பார்த்திருக்கிறது. அடுத்தது கதையில்லை. சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பரில் வைத்தவர் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். வருமான வரி ஏய்ப்பை விசாரித்த ஆணையத்திடமிருந்து சில பேர் மீதான விவகாரங்களை விலக்கிக்கொண்டது சர்ச்சையானபோது 1948 ஆகஸ்டில் பதவி விலகினார். "முன்னாள் அமைச்சர் காலத்தில் நடைபெற்றது" என்று சொல்ல அவருக்கு முன்னால் யாரும் இல்லை என்று குறும்பாகச் சொல்வேன் நான். இன்றைக்குத் தலைவரின் மச்சான் பெயரில் டெண்டர் எடுப்பது ஒரு பேச்சே கிடையாது. ஊராட்சியோடு ஒப்பந்தத்தில் பங்குள்ளவர் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. மச்சான் அதில் வரமாட்டார்.

கசப்பான ஒன்றும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியில், தஞ்சாவூரோடு சேர்த்து, தேர்தலையே ரத்து செய்தது ஆணையம். வாக்காளருக்குப் பணம் கொடுத்ததுதான் காரணம், இரண்டு பெரிய கட்சிகள் மேலும் புகார். சட்டமன்றத் தேர்தலில் இந்தக் காரணத்துக்காக அப்படி நடந்தது அதுவே முதல் முறை. வாங்கியவர் நம் ஒரம்பரையில்தான் இருப்பார். ஓட்டுக்குப் பணம் வாங்கிய வீட்டில் போய் ரோட்டுக் கணக்குக் கேட்க வாருங்கள் என்று கூப்பிட்டால், "அதான் குடுத்துட்டாங்கள்ல" என்று சிரிப்பார்கள். நான் கேட்ட பதில் இது, கேட்டது என் சொந்தச் சித்தி மகனிடம்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது. மனுவை இந்த வாரமே அனுப்புங்கள். தனியாக அனுப்பாமல், முடிந்தால் ஒரே நகலைப் பெரியப்பா பெயரில் ஒன்று, மாமன் பெயரில் ஒன்று. பெரியப்பா தன் கட்சி ஆட்சியில் போட்ட ரோட்டைக் கேட்கட்டும், மாமன் தன் கட்சி இருந்தபோது கட்டிய மேல்நிலைத் தொட்டியைக் கேட்கட்டும். ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. பெரியம்மாவிடமும் அத்தையிடமும் முதலில் பேசிப் பாருங்கள். எம்-புக் நகல் வந்ததும் கிராம சபைக்கு முந்தின நாள் அளந்துவிடுங்கள், ஓரத்தில் இரண்டு, நடுவில் மூன்று இடம், பெயர்ந்த குழிகளில் கனத்தையும். டேப் வாங்கும்போது துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும், ஓவர்சியர் அதைச் சொல்லியே தள்ளிவிடுவார். 30 மீட்டர் ஸ்டீல் டேப்பாக வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு முனையை மாமன் பிடிக்கட்டும்.